எரிக்கப்பட்ட கடன் ஏடு

கடன்பட்ட ஏழை ஒருவன், தன்னைக் கசக்கிய வட்டிக்காரனின் சாவில் தன் கையும் இருந்தது என்ற நடுக்கத்தோடு, அவனுடைய கடன் ஏட்டையும் எடுத்துக்கொண்டு ஆயரின் வீட்டுக் கதவைத் தட்டினால், ஆயர் செய்யத்தக்கது யாது? ஆயர்பணி வகுப்பில் ஆசிரியர் கற்பனையாக அமைத்த வினாபோல இது தோன்றலாம். ஆனால் 1993ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரெய்னிங் ஸ்டோன்ஸ்’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் முழுவதும் இவ்வினாவை நோக்கியே நகர்கிறது. கற்கள் மழையாய்ப் பெய்தல் என்பது அத்தலைப்பின் பொருள். தொழிலாளியின் தலைமேல் வாரத்தின் ஏழு நாளும் கல்மழையே என்னும் வட இங்கிலாந்து மக்களின் பேச்சு வழக்கிலிருந்து அது எடுக்கப்பட்டது.

இப்படத்தை இயக்கியவர் கென் லோச். எழுதியவர் ஜிம் ஆலன். ஆலன் (1926–1999) மான்செஸ்டரில் ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, கட்டட வேலையும் சுரங்க வேலையும் செய்து, பின்னர் எழுத்தாளரானவர், கொள்கையில் சமதர்மவாதி. கதை நிகழும் லாங்லி குடியிருப்பு, மான்செஸ்டருக்கு அருகேயுள்ள மிடில்டனில், மாநகரின் நெரிசலைக் குறைக்க இரண்டாம் உலகப் போருக்குப்பின் கட்டப்பட்டது. ஆலன் அங்கேயே வாழ்ந்தவர். ஆகையால் அத்தெருக்களைப் பார்வையாளராக நின்று அவர் எழுதவில்லை. படம் வெளிவந்த ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் வேலையற்றோராகப் பதிவுபெற்றவர் தொகை ஏறத்தாழ 30 இலட்சம். படம் அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசைப் பகிர்ந்து பெற்றது.

கதைத்தலைவன் பாப் வேலையற்றவன், பக்தியுள்ள கத்தோலிக்கன். அவனும் நண்பன் டாமியும் மேட்டுநிலத்தில் மேயும் ஆடொன்றைத் திருடுகின்றனர். அதைக் கொல்ல இருவருக்கும் மனம் வரவில்லை. இறைச்சிக் கடைக்காரரிடம் கொண்டுபோய், பின்பு மதுக்கடையில் இறைச்சியை விற்றுக்கொண்டிருக்கும்போது வெளியே நின்ற பாபின் பழைய வேன் திருட்டுப்போகிறது. சிரிப்பும் துயரமும் ஒரே காட்சியில் கலந்து வருவது லோச்சின் இயல்பு. டாமியாக நடித்த ரிக்கி டாம்லின்சன் முன்பு சுவர் பூசும் தொழிலாளி. 1972ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஒட்டிச் சிறை சென்றவர். அத்தீர்ப்பு தவறென்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது 2021ஆம் ஆண்டில்தான்! அந்த முகத்தில் நாம் காணும் களைப்பு நடிப்பு மட்டுமன்று.

பாபின் மகள் கோலீன் முதல் நற்கருணை பெறவிருக்கிறாள். நம் வாசகருள் சிலருக்கு இதன் கனம் புலப்படாதிருக்கலாம். ஏறக்குறைய ஏழு, எட்டு வயதில் கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முறை திருவிருந்தில் பங்குபெறுவது அங்கே குடும்பப் பெருவிழா. சிறுமியர் மணமகள்போல் வெண்ணுடை அணிவர். புத்தாடைக்காக வருந்த வேண்டியதில்லை என்று குருவான பாதர் பாரியே கூறுகிறார். பாப் இணங்கவில்லை. தன் மகள் பிறர் பிள்ளைகளுக்குக் குறைவாய் நிற்கலாகாது என்கிறான். அடைபட்ட சாக்கடைகளைச் சுத்தம் செய்துதரக் கதவு கதவாய்ச் செல்கிறான். கோவிலின் சாக்கடையைத் துப்புரவு செய்து உடலெல்லாம் அழுக்கை வாரிக்கொண்டும் கூலி கிட்டவில்லை. இறுதியில் கடன் வாங்குகிறான். அக்கடன் டான்ஸி என்னும் கொடிய வட்டிக்காரனின் கைக்கு வந்து சேர்கிறது.

இவ்விடத்தில் பாபை வீண்பெருமைக்காரன் என்று தீர்ப்பிடுவது எளிது. நம்முள் பலர் அவ்வாறே பிரசங்கித்தும் இருப்போம். ஆயினும் வெண்ணுடையின் மேன்மையை அவனுக்குக் கற்பித்தது யார்? ஆண்டுதோறும் வரிசையாய்ப் பிள்ளைகளை நிறுத்திக் காட்டிய திருச்சபையே. வேலை, வண்டி, மதிப்பு அனைத்தும் போன ஒருவன், தன் மகள் இன்னும் தேவனுடைய பந்தியில் முழு உரிமையுள்ளவள் என்பதற்கு அடையாளமாகப் பற்றிக்கொண்டது அந்த ஆடையை. ஆடை வேண்டாம் என்ற குருவின் சொல் சரியானதே. ஆனால் அச்சொல்லோடு அவர் நின்றுவிட்டார். பணம் எங்கிருந்து வருகிறதென்று அவர் வினவவில்லை.

பாப் இல்லாத வேளையில் டான்ஸி வீட்டினுள் நுழைந்து, மனைவி ஆனையும் குழந்தையையும் அச்சுறுத்தும் காட்சி படத்தில் மிகக் கொடியது. நாம் அதைக் காண்கையில் உபாகமம் 24ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. அடகு வாங்கப் போகும் கடன்காரன் ஏழையின் வீட்டினுள் பிரவேசிக்கலாகாது. வெளியே நின்று காத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள கட்டளை. வட்டியைப் பற்றிய யாத்திராகமம் 22ஐ நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். இந்த வாசற்படிக் கட்டளையையோ கவனியாமல் கடந்துபோகிறோம். கடன் பட்டதனால் ஒருவனது இல்லம் பிறர் மிதிக்கும் தரையாகிவிடாது என்று நியாயப்பிரமாணம் எல்லை குறித்தது. டான்ஸி மீறுவது அந்த எல்லையை.

பின்பு நிகழ்வதைச் சுருக்கிக் கூறுவோம். பாப் திருகுச்சாவி ஒன்றை எடுத்துக்கொண்டு டான்ஸியைத் தேடிச் சென்று அவன் காரின் முன்கண்ணாடியை உடைக்கிறான். மதுவெறியில் இருந்த டான்ஸி காரை ஓட்டி மோதி இறக்கிறான். ஏட்டோடு பாப் குருவிடம் ஓடிச்சென்று, போலீசாரிடம் சரணடையப் போவதாகக் கூறுகிறான். பாதர் பாரியோ அவனைத் தடுத்து, அந்த ஏட்டை எரித்துவிடுகிறார்.

ஏட்டை எரித்த செயலுக்கு முன்னடையாளம் உண்டு. கி.பி. 66இல் எருசலேமில் கலகம் செய்தோர் ஆவணக்கூடத்துக்குத் தீயிட்டுக் கடன் பத்திரங்களை அழித்ததாக யோசேப்பு என்னும் வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். கொலோசெயர் 2:14இல் நமக்கு எதிரான கையெழுத்து சிலுவையில் ஆணியடிக்கப்பட்டதாகப் பவுல் உரைக்கும் உருவகமும் கடன் பத்திரத்தின் மொழியே. கர்த்தருடைய ஜெபத்தில் மத்தேயு கையாளும் கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் கடன் என்பதே. நம் வழிபாட்டு முறைகள் சிலவற்றில் அது குற்றம் என்றாகி, பணவாடையை இழந்துவிட்டது. அந்த ஏட்டில் பாபின் பெயர் மட்டும் இருந்ததில்லை. அக்குடியிருப்பின் எத்தனையோ குடும்பங்களின் பெயர்கள் அந்நெருப்பில் விடுதலை பெற்றன. இச்செயலில் நாம் பாதர் பாரியோடு தயக்கமின்றி நிற்கிறோம்.

போலீசாரிடம் போகாதே என்ற ஆலோசனையை அவ்வாறு ஏற்க நம்மால் இயலவில்லை. பாவ அறிக்கையின் இரகசியம் குருவின் வாயைக் கட்டுகிறது. அறிக்கையிடுவோனின் வாயை அது கட்டுவதில்லை. லூத்தரும் தனி அறிக்கையை ஒழிக்கவில்லை. ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 11ஆம் பிரிவு அதைக் காத்தது. ஆனால் மன்னிப்பின் வார்த்தை, உண்மையை வெளியில் சொல்லும் துணிவைப் பறிப்பதாயிருக்கலாமா? நீதிமன்றம் ஏழைக்கு நீதி செய்யாது என்று குரு அஞ்சுகிறார். டாம்லின்சனின் வழக்கை அறிந்தோர் அவ்வச்சத்தை வெறுமையென்று கூறமாட்டார். எனினும் பாபுக்காகக் குருவே முடிவு செய்துவிடுகிறார். உடன்சென்று காவல் நிலைய வாசலில் நிற்பதும் ஓர் ஆயர் வழியே. அது படத்தில் எண்ணிப் பார்க்கப்படவேயில்லை.

வெண்ணுடையில் கோலீன் நற்கருணை பெறுகிறாள். போலீசார் பாபைத் தேடி வருகின்றனர். அவன் வெலவெலத்துப் போகிறான். அவர்கள் வந்தது, திருட்டுப்போன வேன் அகப்பட்டதென்று சொல்லவே. பார்வையாளர் பெருமூச்சுவிட்டுச் சிரிக்கின்றனர், நாமும் சிரித்தோம். டான்ஸியின் அடக்க ஆராதனையைப் படம் காட்டவில்லை. அந்தப் பங்கிலேயே அவன் வாழ்ந்திருந்தால், அதை நடத்த வேண்டியவரும் பாதர் பாரியே.