கப்பி வில்: அதன் இயல்பும் பயிற்சியும்

எர்ணாகுளம் மாவட்டத்தில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் ஓவியங்களாகத் தீட்டப்பெற்றுள்ளன. அவற்றைக் காண்போருக்கு வில் புதிய கருவியன்று. அதே கேரளத்தின் வயநாட்டுப் பகுதியில், குறிச்சியர் குல வில்லாளிகள் தலைக்கல் சந்து முதலியோர் தலைமையில் 1802இல் பனமரம் கோட்டையைத் தாக்கி வென்றது வரலாறு. அவர்கள் ஏந்திய வில்லுக்கும், இன்று போட்டிகளில் காணப்படும் 'காம்பவுண்ட்' வில் எனும் கப்பி வில்லுக்கும் உள்ள வேறுபாடு யாது? அதனைப் பழகுவோர் அறிய வேண்டியவை எவை? இவற்றை ஈண்டு ஆராய்வோம்.

பழைய வில்லில் நாணை இழுக்க இழுக்கப் பளு ஏறிக்கொண்டே போகும். முழுவதும் இழுத்துக் குறிபார்க்கும் நேரத்தில்தான் கை மிகுந்த பளுவைத் தாங்க வேண்டியிருக்கும்; ஆகவே கை நடுங்கும். இக்குறையைப் போக்க அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் என்பவர், வில்லின் இரு முனைகளிலும் மையம் விலகிய சக்கரங்களைப் பொருத்தினார். அவருக்கு 1969இல் காப்புரிமை வழங்கப்பெற்றது. நாண் இழுபடும்போது இச்சக்கரங்கள் சுழல்கின்றன. சுழற்சியின் முடிவில் நெம்புகோல் தத்துவப்படி நாணுக்குச் சாதகமான நிலை ஏற்படுவதால், கையின் பளு திடீரெனக் குறைகிறது. 60 பவுண்டு விசையுள்ள வில்லில் நூற்றுக்கு 80 பங்கு தளர்வு இருக்குமாயின், முழுவதும் இழுத்தபின் கை தாங்குவது 12 பவுண்டு, அதாவது சுமார் ஐந்தரைக் கிலோ மட்டுமே.

இங்கேதான் பயில்வோர் ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். குறைவது கை உணரும் பளுவே. வில்லில் தேங்கிய ஆற்றல் எள்ளளவும் குறைவதில்லை. வளைந்த தண்டுகளில் அது முழுமையாக அடங்கிக் கிடக்கிறது. 23 கிராம் எடையுள்ள அம்பு வினாடிக்கு 85 மீட்டர் வேகத்தில் செல்லுமாயின், அதன் ஆற்றல் எட்டுக் கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். அத்தனையும் ஒரு கூரிய முனையில் குவிகிறது. கையில் இலேசாக இருப்பதனாலேயே இதனை விளையாட்டுப் பொருளாகக் கருதிவிடலாகாது.

பாதுகாப்பு விதிகள் அனைத்தும் இவ்வுண்மையிலிருந்தே பிறக்கின்றன. முதலாவது, அம்பு பூட்டாமல் நாணை விடலாகாது. ஆற்றலை ஏற்றுச் செல்ல அம்பு இல்லையேல், அது வில்லையே தாக்கித் தண்டுகளை முறிக்கும், நாணை அறுக்கும். மிக இலேசான அம்பும் இத்தகைய தீங்கையே விளைவிக்கும். இரண்டாவது, எய்ய விரும்பாவிடில் விசைப்பிடியிலிருந்து விரலை விலக்கி, நாணை மெல்ல மெல்லத் திரும்பவிட வேண்டும். சக்கரம் சுழலும்போது நாண் கையைப் பறித்துச் செல்ல முயலும். மூன்றாவது, வில்லை வானை நோக்கி உயர்த்தினால்தான் இழுக்க இயலும் என்றால், அவ்வில் பயில்வோரின் வலிமைக்கு மீறியது; விசையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நான்காவது, கரியிழை அம்பை எய்வதற்கு முன் சற்றே வளைத்து, விரிசல் உண்டா எனச் சோதிக்க வேண்டும். வெடித்த அம்பு வில்லேந்திய கையைத் துளைத்துவிடக்கூடும். நாண் மாற்றுதலை உரிய அழுத்துபொறியின்றிச் செய்யலாகாது. போட்டிக் களத்தில் இரு ஊதல் எய்வோர் கோட்டிற்கு வரவும், ஓர் ஊதல் எய்யவும், மூன்று ஊதல் அம்புகளை எடுக்கவும் குறியாகும்.

இனிக் குறி தவறாமையைக் காண்போம். போட்டியில் இலக்கு 50 மீட்டர் தொலைவில் நிற்கும். பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 8 சென்டிமீட்டர். கண்ணருகே நாணில் உள்ள துளைவளையத்திற்கும் முன்னுள்ள குறிகாட்டிக்கும் இடைத்தொலைவு சுமார் 85 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். குறிகாட்டி ஒரு மில்லிமீட்டர் விலகினால், இலக்கில் அம்பு ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் விலகிவிடும். நடுவினின்று விளிம்பு வரை 4 சென்டிமீட்டரே உள்ளதால், பத்து தவறிப்போகும். ஆகவே உடலின் நிலை ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே அமைய வேண்டும். விசைப்பிடியேந்திய கை தாடையெலும்பின் ஒரே இடத்திற் படிய வேண்டும். நாண் மூக்கின் நுனியைத் தொட வேண்டும். துளைவளையமும் குறிகாட்டியின் வளையமும் ஒரே மையத்தில் தோன்ற வேண்டும். வில்லை இறுகப் பற்றுதல் கூடாது. பற்றினால் அது பக்கவாட்டில் திரும்பும். விரலால் விசையை வெடுக்கெனத் தட்டாமல், முதுகுத் தசைகளால் சிறிது சிறிதாக இழுத்தவாறே விடுபடச் செய்க. அம்பு இலக்கைச் சேரும் வரை அந்நிலை மாறலாகாது.

தொடக்கத்தில் ஐந்து மீட்டர் தொலைவில், வட்டங்கள் இல்லாத வெற்றுப் பலகையை நோக்கி எய்தல் நலம். மதிப்பெண்ணைப் பற்றிய கவலையின்றி உடல் தன் நிலையைக் கற்றுக்கொள்ளும்.

2023இல் சீனத்தின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், கப்பி வில்லுக்குரிய ஐந்து தங்கப் பதக்கங்களையும் இந்தியரே பெற்றனர். 2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இவ்வில்லின் கலப்பு அணிப் போட்டியும் சேர்க்கப்பட்டுள்ளது. ஆதலின் இளைஞர் பலர் இக்கலையை நாடுவர். கை இலேசானபோதும் ஆற்றல் குறையவில்லை என்பதை மறவாதவரே, தமக்கும் பிறர்க்கும் தீங்கின்றி இதில் தேர்ச்சி பெறுவர்.