முதுகுப்பக்கம் வரும் காற்று

மாஸ்டா எம்எக்ஸ்-5 என்று ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார். 1989இல் வந்தது. இரண்டே இருக்கை, மடித்துப் போடும் கூரை. அமெரிக்காவில் மியாட்டா என்றால்தான் தெரியும். கலிபோர்னியாவில் பிக் சர் மலைகளை ஒட்டி, கடலைப் பார்த்தபடி வளைந்து போகும் 1ஆம் எண் நெடுஞ்சாலை இந்தக் காருக்கென்றே போட்டதுபோல் இருக்கும். ஆனால் பசிபிக்கிலிருந்து ஏறிவரும் காற்று கோடையிலும் சில்லென்று இருக்கும். கூரையைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டினால் காதுக்குள் குத்துகிறது, மடல் விறைத்துப் போகிறது, இறங்கிய பிறகும் 'ஙொய்' என்று ஒரு ரீங்காரம்.

முன்னால் கண்ணாடி இருக்கிறது. பிறகு காற்று எந்த வழியாகக் காதுக்கு வந்தது?

இதற்கு ஒரு வாய்க்கால் போதும். முதலில், ஓடும் தண்ணீரின் குறுக்கே ஒரு செங்கல்லை நிறுத்துங்கள். தண்ணீர் அதன் தலைக்கு மேல் ஏறித் தாவிப் போகும். பிறகு, செங்கல்லைத் தாண்டிச் சற்றே கீழே ஒரு வேப்பிலையைப் போடுங்கள். இலை நீரோட்டத்தோடு போய்விடும் என்றுதான் நினைப்போம். போகாது. திரும்பிச் செங்கல்லை நோக்கி வரும், அங்கேயே சுற்றும். செங்கல்லின் பின்னால் அழுத்தம் குறைந்துவிடுவதால், தாண்டிப் போன தண்ணீரில் ஒரு பங்கு அந்தப் பள்ளத்தை நிரப்பத் திரும்பி ஓடி வருகிறது.

செங்கல்தான் உங்கள் முன்கண்ணாடி. இலை இருக்கும் இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். காற்று கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டி, தலைக்கு மேலே பறந்து, டிக்கிப் பக்கம் இறங்கி, அங்கிருந்து இரண்டு இருக்கைகளுக்கு நடுவே முன்னோக்கிப் புரண்டு வருகிறது. ஆகவே காதைத் தாக்கும் காற்றில் பெரும்பங்கு முதுகுப்பக்கத்திலிருந்து வருவது. இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கண்ணாடியை உயர்த்தலாமா, தொப்பியை முன்னால் இழுக்கலாமா என்று முன்பக்கமே பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

சரி, பின்னால் எதை வைப்பது? தெருமுனை டீக்கடையில் அடுப்புச் சுடர் அணையாமல் இருக்கக் காற்றுப்பக்கம் ஒரு தகரத்தை நிறுத்தியிருப்பார்கள். அதே வேலைதான். இருக்கைகளுக்குப் பின்னால், தலைச்சாய்ப்பு உயரத்துக்கு ஒரு தடுப்பு. கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம், வலையாகவும் இருக்கலாம். வலை எப்படிக் காற்றை நிறுத்தும் என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. குழாயை முழுதாகத் திறந்து, அதன் கீழே மாவு சல்லடையைப் பிடித்துப் பாருங்கள். மேலே சீறிக்கொண்டு விழும் தண்ணீர், கீழே சாதுவாகச் சொட்டுகிறது. நூற்றுக்கணக்கான ஓட்டைகளில் நுழைந்து வெளிவருவதற்குள் அதன் வேகம் தேய்ந்துபோகிறது. காற்றும் அப்படித்தான். மெர்சிடிஸ் பென்ஸ் 1989இல் கொண்டுவந்த எஸ்எல் காரிலேயே இப்படி வலைத்தடுப்பு உண்டு. 2004இல் அதே நிறுவனம் எஸ்எல்கே காரில் தலைச்சாய்ப்பிலிருந்து கழுத்துக்கு வெதுவெதுப்பான காற்று ஊதும் வசதியையும் வைத்தது. குளிரும் பின்னாலிருந்துதான் வருகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்து, பக்கக் கண்ணாடிகள். இரண்டையும் ஏற்றிவிடுங்கள். அதற்குக் காசும் செலவில்லை. பக்கவாட்டில் நுழையும் காற்று நின்றுவிடும், ஹீட்டரைக் காலுக்குத் திருப்பினால் அந்தச் சூடும் தங்கும். இருக்கையைத் தாழ்த்த முடிந்தால் தாழ்த்துங்கள். உயரமானவர்களுக்குத் தலை, மேலே பறக்கும் காற்றுக்குள்ளேயே நீட்டிக்கொண்டு இருக்கும்.

இதுவரை பார்த்தது காற்று. சத்தம் வேறு கணக்கு. கடற்கரையில் நின்று ஒருவர் போன் பேசினால் நமக்கு 'புஸ் புஸ்' என்றுதானே கேட்கிறது? அவர் பக்கத்தில் அப்படி ஒரு சத்தமே இருக்காது. காற்று மைக்கின் மேல் மோதிச் சுழல்வதால், அந்த இடத்திலேயே பிறக்கும் சத்தம் அது. உங்கள் காது மடலும் அந்த மைக்போலத்தான். மேடும் பள்ளமுமான அந்த மடலில் காற்று கிழிபட்டு, காதின் வாசலிலேயே இரைச்சல் பிறக்கிறது. ஆகவே காதை ஒட்டிப் பிடிக்கும் ஒரு கம்பளித் தொப்பியோ பட்டையோ போட்டால் குளிரும் நிற்கும், இந்த இரைச்சலும் குறையும். தளர்ந்து படபடக்கும் துணி வேண்டாம், அதுவே ஒரு சத்தம்.

ஆனால் காரைச் சுற்றிக் காற்று எழுப்பும் பொது இரைச்சலைக் கம்பளி தடுக்காது. அது வேகத்தோடு ஏறும் விதம் பயங்கரமானது. 50 கிலோமீட்டரிலிருந்து 100க்குப் போனால் ஏறத்தாழ 15 டெசிபலோ அதற்கு மேலோ கூடிவிடும். 10 டெசிபல் கூடினாலே காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் கூரை திறந்த கார்களில் அளந்தபோது, நெடுஞ்சாலை வேகத்தில் சத்தம் 85 டெசிபலைத் தாண்டியது. மிக்ஸி பக்கத்தில் நிற்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீயைக் கூட்டினால் பால் பொங்கும் நேரம் குறைகிறது அல்லவா, சத்தமும் அப்படியே. அந்நாட்டுப் பணியிட நல ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு: 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் ஒரே மணி. மூன்று கூடக்கூட நேரம் பாதி.

உள்ளே என்ன கெடுகிறது? காதுக்குள் நத்தை ஓடுபோல் சுருண்ட எலும்பில் ஒலியை உணரும் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் நாற்றங்கால்போல் நிற்கின்றன. ஒருநாள் பேய்க்காற்றில் சாய்ந்த நாற்று மறுநாள் நிமிர்ந்துவிடலாம். அதனால்தான் அந்த ரீங்காரம் பெரும்பாலும் தூங்கி எழுந்தால் போய்விடுகிறது. திரும்பத் திரும்ப மிதிபட்டால் நாற்று சாகும். வயலில் மறுநடவு செய்யலாம், காதில் முடியாது. மயிரணு செத்தால் செத்ததுதான்.

எனவே நீண்ட பயணத்துக்குக் காதடைப்பான் வேண்டும். பஞ்சுபோல் அமுங்கும் நுரை அடைப்பான், மூடி போட்ட குக்கர் மாதிரி எல்லாவற்றையும் அடைக்கும். ஆம்புலன்ஸ் சைரனும் மங்கிப்போகும். இசைக்கலைஞர்களும் பைக் ஓட்டிகளும் வைத்துக்கொள்ளும் வடிகட்டி வகை, டீ வடிகட்டிபோல. சத்தத்தைக் குறைத்து, பேச்சையும் ஹாரனையும் விட்டுவிடும். கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 27400ஆம் பிரிவு, இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஓட்டுவதைத் தடுக்கிறது. கேடான சத்தத்தைக் குறைக்கவென்றே செய்யப்பட்டு, சைரனும் ஹாரனும் கேட்கும்படி இருக்கும் அடைப்பானுக்கு விலக்கு தருகிறது. மற்ற இடங்களில் ஓட்டுபவர்கள் அங்கங்கே உள்ள விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றை மீறிக் கேட்கட்டும் என்று பாட்டை உரக்க வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். புளிப்பு தூக்கலான குழம்பில் அதை மறைக்க மிளகாயை அள்ளிப் போடுவதுபோல அது.

பின்னால் வைத்த தடுப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு முழ நூல் போதும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதைத் தலைச்சாய்ப்புக்கு அருகே, உங்கள் காது உயரத்தில் பிடிக்கட்டும். தடுப்பு இல்லாமல் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நூல் பின்னால் பறக்காது, முன்கண்ணாடியை நோக்கி நீளும். தடுப்பை மாட்டி, கண்ணாடிகளை ஏற்றி, அதே வேகத்தில் மறுபடி பாருங்கள். நூல் தொங்கிக்கொண்டு லேசாக ஆடினால், தடுப்பு சரியான உயரத்தில் இருக்கிறது.