கை கால்களுக்கும் காப்பீடு தேவை

பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் விவசாயிகள் பலர், அந்தப் பயிரை விளைவிக்கும் தங்கள் கை கால்களுக்குக் காப்பீடு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பவர் டில்லரின் சுழல்கத்தி, கதிரடிக்கும் இயந்திரம், தீவனம் நறுக்கும் கருவி, தென்னை மரம் என ஆபத்து அன்றாட வேலையிலேயே இருக்கிறது. நடவு நேரத்தில் கால் முறிந்து இரண்டு மாதம் படுத்தால், அந்தப் போக வருமானமே போய்விடும்.

ஆண்டுக்கு 20 ரூபாய்

வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையிலான எவரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். 2015-ல் 12 ரூபாயாகத் தொடங்கிய பிரீமியம், 2022 ஜூன் முதல் 20 ரூபாய். விபத்தில் இறந்தாலோ, இரு கண் பார்வை, இரு கைகள் அல்லது இரு கால்களை முழுமையாக இழந்தாலோ 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஒரு கண் பார்வையும் ஒரு கை அல்லது காலும் போனாலும் இதே தொகைதான். ஒரு கண், ஒரு கை, ஒரு கால் என ஒன்றை மட்டும் மீளமுடியாதபடி இழந்தால் 1 லட்சம் ரூபாய்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, விரல் துண்டானாலும் கை பயன்பாட்டில் இருந்தால் இழப்பீடு இல்லை. இரண்டாவது, மருத்துவச் செலவோ, படுத்திருக்கும் நாட்களுக்கான வருமானமோ இதில் கிடையாது. மூன்றாவது, பல வங்கிகளில் பிரீமியம் கட்டினாலும் ஒரு கணக்குக்கு மட்டுமே பணம் வரும்.

வருமான இழப்புக்கு என்ன வழி?

தனிநபர் விபத்து பாலிசி எடுக்கும்போது, 'தற்காலிக முழு இயலாமை' என்ற பிரிவைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். வேலை செய்ய முடியாத வாரங்களுக்குப் பணம் தருவது இந்தப் பிரிவுதான். எல்லா நிறுவனங்களும் ஒரே விதிகளுடன் வழங்கும் 'சரல் சுரக்ஷா பீமா' பாலிசியில் இது கூடுதல் பிரீமியம் கட்டிப் பெறும் விருப்பப் பிரிவு. வாரத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 0.2 சதவீதம் கிடைக்கும். அதாவது 5 லட்சத்துக்கு 1,000 ரூபாய். பாலிசி எடுக்கும்போது தொழில் 'விவசாயம்' என்றே எழுதுங்கள். இயந்திரம் ஓட்டுவது, மரம் ஏறுவது போன்ற வேலைகள் செய்தால் அதையும் குறிப்பிடுங்கள். மறைத்தால் பின்னர் சிக்கல் வரும்.

சிறு, குறு விவசாயிகளும் விவசாயக் கூலித் தொழிலாளர்களும் தமிழக அரசின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினராக இருந்தால், விபத்து உதவிக்கு வட்ட அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்கலாம்.

பணம் கேட்டு விண்ணப்பிக்கும்போது

பணம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் முதல் நாள் பதிவுகளைப் பொறுத்தது. சாலை விபத்து, நீரில் மூழ்குதல் போன்றவற்றைக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் என்றால் உடனடி மருத்துவமனைப் பதிவேடு ஆதாரமாக இருக்க வேண்டும். அதனால் நாட்டு வைத்தியம், கட்டு என்று நாட்களைக் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 'கை காயம்' என்று மட்டும் எழுதாமல், எந்தக் கருவியால், எப்போது, எப்படி ஏற்பட்டது என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

சுரக்ஷா பீமா திட்டத்தில் விபத்து நடந்து 30 நாட்களுக்குள் வங்கிக் கிளையில் விண்ணப்பம் தர வேண்டும். ஆதார், வங்கிக் கணக்கு விவரம், மருத்துவமனை ஆவணங்கள், அரசு மருத்துவரின் ஊனச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் பெற்றதற்கு ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.

மறுத்துவிட்டால்?

மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

இந்த வாரமே செய்யுங்கள்

வங்கிப் பாஸ்புத்தகத்தைப் பதிந்து, 20 ரூபாய் பிடித்தம் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் பாதுகாப்பு நின்றுவிடும். வயலில் இறங்கும் மனைவி, மகன் பெயரிலும் தனித்தனியாகச் சேருங்கள். பாலிசி எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.