தூங்கப் போகும் முன்... ஒரு கிறிஸ்துமஸ் கதை!

"ஒரு மாசமா ராத்திரி தூக்கமே வரமாட்டேங்கு டாக்டர். ஏதாவது லேகியம் இருந்தா குடுங்க."

போன டிசம்பர் மாத ஆரம்பத்தில் என்னிடம் வந்தவர், ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதைத் தாண்டியாகிவிட்டது. கணவர் காலமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கனடாவில் இருக்கும் மகன், 'இந்தக் கிறிஸ்துமசுக்கு லீவு கிடைக்கலைம்மா' என்று சொல்லிவிட்டாராம். பெரிய வீட்டில் டீச்சர் மட்டும்.

நாடி பார்த்தேன். நாக்கு, கண் எல்லாம் பார்த்தேன். ரத்த அழுத்தமும் பார்த்தாச்சு. பெரிதாக ஒன்றுமில்லை.

"தூக்கம் வர்ற வரைக்கும் என்ன செய்வீங்க டீச்சர்?" என்று கேட்டேன்.

"கிரைம் நாவல் படிப்பேன். பாதியில வைக்க மனசு வராது. கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சு லைட்டை அணைக்கும்போது மணி ஒண்ணாயிரும்."

"டிசம்பர்லயும் இதேதானா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். "அவங்க இருந்த வரைக்கும் வருஷா வருஷம் டிக்கன்ஸோட கிறிஸ்துமஸ் கதையை சத்தமா வாசிப்பாங்க. நான் முந்திரிக்கொத்து சுட்டுக்கிட்டே கேப்பேன். இந்த வருஷம் அந்தப் புத்தகத்தைத் தொடவே பயமாயிருக்கு."

எனக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. மருந்து எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினேன்: 'கிறிஸ்துமஸ் கதை - தினம் ஒரு பகுதி - இரவு 9 மணிக்கு - 5 நாள்.'

டீச்சர் சிரித்துவிட்டார். வாசகர்களே, நீங்களும் சிரிக்கலாம். ஆனால் நான் விளையாட்டுக்கு எழுதவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நாடியைத் துள்ள வைத்த கதை

நான் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று இது. ஓடி வந்தவனுக்கும், இப்போதுதான் சாப்பிட்டு எழுந்தவனுக்கும், கோபத்திலோ பயத்திலோ இருப்பவனுக்கும் உடனே நாடி பார்க்காதே! மனசு கலங்கினால் நாடியும் கலங்கும்.

கதை படித்தால்கூடவா? ஆமாம். இதற்கு அந்த சார்லஸ் டிக்கன்ஸே சாட்சி.

இங்கிலாந்தின் பெரிய நாவலாசிரியரான அவர், தன் கதைகளைத் தானே மேடையேறி வாசித்துக் காட்டுவார். ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும். 1869-ல் உடம்பு மிகவும் மோசமாகி, வாசிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் டாக்டர்கள். மனிதர் கேட்டால்தானே? கடைசியாகச் சில வாசிப்புகள் என்று 1870 ஜனவரியில் மறுபடியும் லண்டன் மேடை ஏறினார். அவருடைய டாக்டர் பியர்ட் பக்கத்திலேயே இருந்து, வாசிப்பதற்கு முன்னும் பின்னும் நாடித் துடிப்பை எண்ணிக் குறித்துக்கொண்டார்.

முதல் நாள் சாதாரணமாக இருந்த துடிப்பு 72. சாந்தமான ஒரு பகுதியை வாசித்த பிறகு 96. ஆனால் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் சைக்ஸ் என்கிற முரடன், நான்ஸி என்ற பெண்ணைக் கொல்லும் காட்சியை வாசித்த இரவில் 112! அடுத்த முறை 118. பிப்ரவரியில் ஒரு நாள் 90-லிருந்து 124 வரை ஏறியது. அதே வருஷம் ஜூன் 9-ம் தேதி பக்கவாதத்தில் இறந்துபோனார் டிக்கன்ஸ். அப்போது வயது 58தான்.

மேடையில் நடித்து வாசிப்பதும், கட்டிலில் சாய்ந்துகொண்டு படிப்பதும் ஒன்றல்ல. கொலைக் கதை படித்தால் ஆபத்து என்று நான் பயமுறுத்தவும் வரவில்லை. பகலில் தாராளமாகப் படியுங்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான். மனசு எதைப் படிக்கிறதோ, அதை உடம்பும் சேர்ந்து படிக்கிறது. 'அடுத்து என்ன ஆகுமோ' என்ற பதற்றத்தில் அட்ரினலின் சுரக்கும். மூச்சு மேலோட்டமாகும். தூங்க வேண்டிய உடம்பு, ஓடத் தயாராக நிற்கும். அப்புறம் தூக்கம் எங்கிருந்து வரும்?

முடிவு தெரிந்த கதையின் சுகம்

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் டிசம்பர் வந்தாலே கடைகளில் கிறிஸ்துமஸ் நாவல்கள் குவியும். அமெரிக்காவின் டெபி மெகோம்பர் போன்றவர்கள் இதற்கென்றே பெயர் பெற்றவர்கள். கதையும் பெரும்பாலும் ஒரே அச்சுதான். பனி விழும் ஒரு சின்ன ஊர். பெரிய நகரத்திலிருந்து ஊர் திரும்பும் ஒரு பெண். மூடும் நிலையில் ஒரு பேக்கரி அல்லது புத்தகக் கடை. பேச்சுவார்த்தை இல்லாத அப்பா. கிறிஸ்துமஸ் முதல் நாள் இரவில் எல்லாம் சரியாகிவிடும்!

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கே, இதையா படிப்பாங்க?" என்று கேலி செய்பவர்கள் உண்டு. வைத்தியன் என்ற முறையில் எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. முடிவு நல்லபடியாக இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும். அதனால் மனசு காவல் காக்க வேண்டியதில்லை. பாட்டி நூறாவது தடவை சொன்ன கதையைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனோமே, அதே கணக்குதான்.

ஐஸ்லாந்து நாட்டில் இதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே வெளிநாட்டுப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு. காகிதம் மட்டும் ஓரளவு கிடைத்தது. அதனால் புத்தகமே கிறிஸ்துமஸ் பரிசாகிவிட்டது. இன்றைக்கும் டிசம்பர் 24-ம் தேதி இரவு புத்தகம் பரிசளித்து, கதகதப்பாக உட்கார்ந்து படிக்கிறார்கள். டிசம்பர் கடைசியில் அந்த ஊர்த் தலைநகரில் சூரியனைப் பார்ப்பதே சுமார் 4 மணி நேரம்தான். இருட்டை விரட்ட அவர்கள் கண்டுபிடித்த வழி இது!

ஒரு டாக்டர் அனுப்பிய அறிக்கை

அப்படியானால் இந்தக் கதைகள் எல்லாம் வெறும் தாலாட்டுதானா? இல்லை. எல்லாவற்றுக்கும் மூத்ததான டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' பிறந்த கதையைக் கேளுங்கள்.

டிக்கன்ஸுக்கு 12 வயது இருக்கும்போது, 1824-ல், கடனைக் கட்ட முடியாத அவருடைய அப்பாவை லண்டன் சிறையில் அடைத்தார்கள். பையன் படிப்பை விட்டுவிட்டு, ஷூ பாலிஷ் செய்யும் கம்பெனியில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டினான். அந்த ரணம் ஆறவே இல்லை.

1843-ல் சவுத்வுட் ஸ்மித் என்ற டாக்டர், சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் குழந்தைகளைப் பற்றிய அரசாங்க அறிக்கையை அவருக்கு அனுப்பினார். படித்துக் கொதித்துப்போன டிக்கன்ஸ், முதலில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுத நினைத்தார். பிறகு, கதையாகச் சொன்னால்தான் உறைக்கும் என்று முடிவு செய்தார். ஆறே வாரம்! எழுதும் நாட்களில் அழுவாராம், சிரிப்பாராம். ஊர் அடங்கிய பிறகு லண்டன் தெருக்களில் ஒரே இரவில் 15, 20 மைல்கூட நடப்பாராம். 1843 டிசம்பர் 19-ம் தேதி புத்தகம் வெளிவந்தது. கிறிஸ்துமசுக்கு முன்பே 6,000 பிரதிகளும் தீர்ந்துபோயின.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஸ்க்ரூஜ் என்ற மகா கஞ்சன். செத்துப்போன கூட்டாளியின் ஆவி அவன் முன்னால் வந்து நிற்கிறது. அப்போதும் அவன் நம்பவில்லை. 'ஏதோ சாப்பிட்டது செரிக்கலை, அதான் இப்படித் தெரியுது' என்கிற மாதிரி அலட்சியமாகப் பேசுகிறான். அஜீரணத்தால் கெட்ட கனவு வரும் என்பது லண்டன் கஞ்சனுக்கும் தெரிந்திருக்கிறது, பாருங்கள்!

அவனிடம் வாரம் 15 ஷில்லிங் சம்பளத்துக்கு உழைக்கும் குமாஸ்தா பாப். பாப்பின் கடைக்குட்டி டைனி டிம். கையில் ஊன்றுகோல், காலுக்கு இரும்புச் சட்டம். அவனுக்கு என்ன நோய் என்று டிக்கன்ஸ் எழுதவில்லை. பின்னால் வந்த டாக்டர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கரிப்புகை மூடிய நகரத்தில் வெயில் படாததால் எலும்பு வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் என்கிறார் ஒருவர். காசநோய் என்கிறார் இன்னொருவர். சிறுநீரகக் கோளாறு என்பவரும் உண்டு. எதுவாக இருந்தாலும், கதை சொல்லும் நியாயம் ஒன்றுதான். இப்படியே விட்டால் பையன் செத்துவிடுவான். ஒருத்தர் மனசு வைத்தால் பிழைத்துக்கொள்வான்!

நல்ல கிறிஸ்துமஸ் கதைகள் எல்லாவற்றிலும் இந்த உறுத்தல் இருக்கிறது. ஓ.ஹென்றி 1905-ல் எழுதிய 'தி கிஃப்ட் ஆஃப் த மேஜை' சிறுகதையில், நியூயார்க் நகரத்து ஏழை மனைவியின் கையில் இருப்பது 1 டாலர் 87 சென்ட்தான். கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்க, தன் நீளக் கூந்தலை வெட்டி விற்கிறாள். அவனோ அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்க, அந்தக் கடிகாரத்தையே விற்றுவிட்டு வந்து நிற்கிறான். படித்துவிட்டு மனைவியை நிமிர்ந்து பார்க்காத கணவன் இருக்க முடியுமா?

அழுகை வந்தால் அழுதுவிடுங்கள்

இரண்டாம் நாளே டீச்சர் போன் செய்தார். "படிக்கும்போது அழுதுட்டேன் டாக்டர். பிரஷர் ஏறிருமா?"

"ஏறாது டீச்சர், நல்லா அழுங்க" என்றேன்.

சித்த மருத்துவத்தில் 14 வேகங்கள் என்று சொல்வோம். உடம்பு தானாக வெளிப்படுத்தும் இயற்கை உந்துதல்கள். மலம், சிறுநீர், தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம்... இந்த வரிசையில் கண்ணீரும் ஒன்று. இவற்றை வலிந்து அடக்கக் கூடாது என்பது நம் முன்னோர் வகுத்த விதி.

டீச்சர் கணவரின் சாவுக்குப் பிறகு சரியாக அழவே இல்லையாம். "பையன் பயந்துருவான்னு அடக்கிக்கிட்டேன்" என்றார். அந்தக் கண்ணீருக்கு ஒரு கதை வழி திறந்துவிட்டது. யாருடைய துக்கத்துக்கோ அழுவது போல, நம் துக்கத்தையும் சேர்த்து அழுதுவிடலாம். வைத்தியர் கொடுக்க முடியாத சவுகரியம் இது.

எப்படிப் படிக்கலாம்?

* சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் படுக்கப் போங்கள். அதற்கு முந்தைய அரைமணி நேரம் கதைக்கு. அதற்கு மேல் வேண்டாம். அளவு மீறினால் அமிர்தமும் நஞ்சு!

* அச்சடித்த புத்தகம் நல்லது. செல்போன் வெளிச்சம் கண்ணில் பட்டால் தூக்கம் தள்ளிப்போகும்.

* விளக்கு பின்பக்கமாக, தோளுக்கு மேலிருந்து வரட்டும். புத்தகம் கண்ணிலிருந்து ஓர் அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். நாற்பது வயதைத் தாண்டி எழுத்து மங்கினால் கண் டாக்டரைப் பாருங்கள். பிளாட்பாரக் கண்ணாடி வேண்டாம்.

* மார்கழி, தை இரண்டும் முன்பனிக் காலம். குளிர்காற்று படாமல் காதை மூடிக்கொண்டு உட்காருங்கள். வெதுவெதுப்பான பாலில் சாதிக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை போட்டுக் குடிக்கலாம். ஒரு சிட்டிகைதான், கூடவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சாதிக்காய் வேண்டாம்.

* அரையாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பெண் குழந்தைகளுக்கு லூயிஸா மே ஆல்காட்டின் 'லிட்டில் உமன்' பொருத்தம். 1868-ல் வந்த நாவல். போர்முனைக்குப் போன அப்பா இல்லாமல் நான்கு சகோதரிகள் கொண்டாடும் கிறிஸ்துமசுடன் தொடங்குகிறது. தங்கள் காலைச் சாப்பாட்டை ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இதையும் கவனியுங்கள்

கதை மருந்துக்குத் துணையே தவிர, மருந்துக்கு மாற்று அல்ல. பண்டிகை நாட்களில் தனிமை அதிகமாக வலிக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு, பசியின்மை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, 'இருந்து என்ன பிரயோஜனம்' என்ற பேச்சு... இதெல்லாம் இருந்தால் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசாங்கத்தின் டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் பேசலாம். ஏற்கெனவே சாப்பிடும் தூக்க மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

டீச்சர் ஜனவரியில் மறுபடி வந்தார். "தூக்கம் எப்படி?" என்றேன்.

"ஆறு மணி நேரம்னு பொய் சொல்ல மாட்டேன். நாலரை, அஞ்சு வருது" என்றார். முகத்தில் ஒரு தெளிவு.

ஐந்து நாளில் புத்தகத்தை முடித்தவர், அதோடு விடவில்லை. கனடாவில் இருக்கும் ஒன்பது வயதுப் பேரனுக்குப் போனில் வாசிக்க ஆரம்பித்தாராம். இங்கே சாயந்தரம் ஏழு மணி, அங்கே காலை நேரம். ஆங்கிலத்தில் ஒரு பக்கம், தமிழில் விளக்கம். தாத்தா எப்படிக் குரலை மாற்றிப் பேய் மாதிரிப் பேசுவாரோ, அதே மாதிரி.

"நாலாவது நாள், 'டைனி டிம் செத்துருவானா பாட்டி? இப்பவே சொல்லுங்க'ன்னு ஒரே அழுகை டாக்டர்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நாளைக்குச் சொல்லுதேன், போய் விளையாடுன்னுட்டேன். மறுநாள் ஏழு மணிக்கு நான் போன் பண்ணலை. அவனே பண்ணிட்டான்!"