நிழலடி மண் – 6: நனைந்தால் மறையும் நீலம்

போன வாரம் பிந்தோ கடலைக்கொடியில் நிறுத்தினேன். அரை வெயிலாவது படாத இடத்தில் அதன் மஞ்சள் பூவுக்கு ஆசைப்படாதீர்கள் என்றேன். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் வல்லாரை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார், வல்லாரையும் தொட்டியில் காத்திருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கேமரன் மலைக்கு ஏறும் தாப்பா ரோட்டில் பார்த்ததைச் சொல்லாமல் எனக்கு வேறு எழுத்து ஓடாது.

கோஸ் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் படுத்துவிட்டது. பின்னால் நாங்கள் எல்லோரும் நின்றோம். காலை உதறலாம் என்று இறங்கினால், மலையை வெட்டிய இருட்டுச் சரிவில் ஓரிடம் மட்டும் நீலமாக இருந்தது. "அண்ணே, யாரோ பெயிண்டைக் கொட்டிட்டாங்க போல" என்றார் கூட வந்த தம்பி. கிட்டே போய்ப் பார்த்தோம். செடி! செதில் செதிலாகப் பொடி இலை, மயில் கழுத்து நிறம். மலாய்க்காரர்கள் இதைப் பாக்கு மெராக் என்கிறார்கள், அதாவது மயில் பெரணி. புத்தகத்தில் பெயர் செலாஜினெல்லா வில்டெனோவி.

வேடிக்கை இனிமேல்தான். தம்பி தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் சாய்த்தார். நனைந்த இலை சட்டென்று பச்சையாகிவிட்டது. லாரி நகர்வதற்குள் ஈரம் காய்ந்தது, நீலம் திரும்பி வந்தது. மூன்று முறை செய்து பார்த்தோம். பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்த பிறகுதான் கார் ஞாபகமே வந்தது.

வீட்டுக்கு வந்து தேடினேன். இந்த இலையில் நீலச் சாயம் ஒரு துளிகூட இல்லை. அம்மியில் வைத்து அரைத்தாலும் பச்சைச் சாறுதான் வரும். இலையின் மேல்தோலில் மிக மெல்லிய படலங்கள் இருக்கின்றன. ஒரு படலத்தின் கனம் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சோப்புக் குமிழி வண்ணம் காட்டுவதுபோல அவை ஒளியோடு விளையாடி நீலத்தைத் திருப்பி அனுப்புகின்றன. மேலே தண்ணீர் நின்றால் அந்த விளையாட்டு கலைந்துவிடும். இதை 1975-இல் 'நேச்சர்' இதழில் எழுதியவர்கள் டேவிட் லீயும் லௌரியும். காட்டுத் தரைக்கு வருவதே வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு. அதில் செடிக்கு வேண்டிய சிவப்பொளியைக் கூடுதலாக உள்ளே விட இந்த ஏற்பாடு உதவலாம் என்பது அவர்கள் ஊகம்.

படித்துக்கொண்டே வந்தவனுக்கு ஓரிடத்தில் சுருக்கென்றது: நல்ல வெளிச்சத்தில் வளர்ந்தால் இந்தச் செடி வெறும் பச்சை! மூன்று வருடத்துக்கு முன் ஒரு நர்சரியில் "நீலச் செடி" என்று வாங்கி, ஆசை ஆசையாக வாசல் வெயிலில் வைத்தேன். இரண்டே மாதத்தில் பச்சையாகிவிட்டது. நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அன்று முதல் திட்டிக்கொண்டிருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தேன். அதே செதில் இலை, அதே கொடி.

நிழலுக்குச் செடி தேடும் நாம் செய்கிற தப்பு இதுதான். பாவம், இருட்டில் கிடக்கிறதே என்று அதற்கு வெளிச்சமும் உரமும் காட்டுகிறோம். அதிகம் பார்த்துக்கொள்ள வேண்டாத செடி வேண்டுமா? முதலில் நட்ட நடுப்பகலில் அந்த இடத்தில் போய் நில்லுங்கள். மண்ணில் வெயில் விழாமல் பாசி படர்ந்திருந்தால் ஈரம் நிற்கிற இடம், மயில் பெரணிக்கு அது போதும். தண்டுத் துண்டை ஈர மண்மேல் படுக்க வைத்தால் வேர் விடும். காட்டில் பிடுங்காதீர்கள், வளர்ப்பவரிடம் துண்டு கேளுங்கள். மிதிபடும் வழியில் வேண்டாம். பிடித்துக்கொண்டால் வேலிமேலும் ஏறும், வருடத்துக்கு ஒருமுறை கத்தரி போட வேண்டும். உதிர்ந்த சருகைக் கூட்டாதீர்கள்.

எப்படியோ மண் மூடியிருக்க வேண்டும். கேமரன் மலைமேல் திறந்து கிடக்கும் சரிவுகளில் கரைகிற மண் ரிங்லெட் அணையின் ஏரியை மேடாக்கிக்கொண்டிருக்கிறது. அந்த அணைக்குக் கீழே குடியிருக்கும் லெம்பா பெர்த்தாம்காரர்களுக்கு அணை நீர் திறந்துவிடப்பட்டு வெள்ளம் புகுந்த 2013 அக்டோபர் இரவை நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

வாசல் செடியில் ஒரு துண்டை நேற்று சமையலறைக்குப் பின்னால், சுவர் நிழலில் படுக்க வைத்தேன். நீலம் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பினால் நர்சரிக்காரரிடம் போய் ஒரு மன்னிப்பு கேட்கிற வேலை பாக்கி.

வல்லாரை? அடுத்த வாரம். ஆசிரியர் மன்னிக்க.