விழும் பக்கமே திருப்புக!

சைக்கிள் சவாரிக்கு வேண்டியது தேகபலமும் தைரியமுமே என்பது நம்மவரிடையே வெகுநாளாக நிலைத்துவிட்ட அபிப்பிராயம். பையனுக்கு வாங்கித் தரும் வண்டியைப் பெண்ணுக்கு மறுக்கும் வீடுகளில் கூறப்படும் காரணமும் இதுவே. வாஸ்தவத்தில் இந்த வித்தையில் பலத்துக்குள்ள பங்கு சொற்பம்.

வண்டி இடப்புறம் சாயத் தொடங்கியதும், பழகியவர் கை இம்மியளவு இடப்புறமே திரும்புகிறது. உடனே சக்கரங்கள் சரியும் உடலின் கீழே வந்து தாங்கிக்கொள்கின்றன. புதிதாகக் கற்பவரோ பயத்தால் எதிர்ப்புறம் திருப்பி விழுகிறார். சுழலும் சக்கரமே வண்டியை நிமிர்த்தி வைக்கிறது என்பாரும் உண்டு. இங்கிலாந்தில் டேவிட் ஜோன்ஸ் என்பவர், எதிராகச் சுழலும் சக்கரம் ஒன்றைப் பொருத்தி அந்தப் பலனை நீக்கியபோதும் சவாரி செய்ய முடிந்தது என்பதை 1970-ல் வெளியிட்டார்.

சாய்வை அறிவிப்பது எது? உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை திரும்பினால் அவற்றிலுள்ள திரவம் சற்றே பின்தங்கும். அதுவே மூளைக்குச் செய்தி. உள்ளங்கையும் ஆசனமும் அழுத்தத்தைத் தெரிவிக்கின்றன. கண்ணோ தூரத்துப் பாதையைப் பற்றிக்கொள்ள வேண்டும். முன்சக்கரத்தையே உற்றுப் பார்ப்பவர் தடுமாறுவார். வழியிலுள்ள கல்லை வெறித்துப் பார்ப்பவர் பெரும்பாலும் அதன்மேலேயே போய் ஏறுவார்!

விமானம் கண்ட வில்பர் ரைட் ஆதியில் சைக்கிள் வியாபாரி. இடப்புறம் திரும்புவது எப்படி என்று அவர் பலரை வினவினார். ஒருவரும் முழுவதும் சரியாகச் சொல்லவில்லை. கைப்பிடியை ஒரு கணம் வலப்புறம் திருப்பி, வண்டியை இடப்புறம் சாயவிட்ட பிறகே நாம் அனைவரும் திரும்புகிறோம். செய்கிறவருக்கே தெரியாத ரகசியம்! இதை உபதேசத்தால் எங்ஙனம் புகட்டுவது?

1990-களின் ஆரம்பத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில், அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்க வந்த கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள். புடவை அணிந்து, குறுக்குக் கம்பியுள்ள ஆண்கள் வண்டிகளையும் ஓட்டினார்கள். அவர்களுக்கு இருந்த செவியும் கண்ணும் கையுமே நம் வீட்டுப் பெண்களுக்கும் இருக்கின்றன.

ஆசனத்தை இறுகப் பிடித்தபடி கூடவே ஓடும் அண்ணாவும், பக்கத்தில் பூட்டும் சிறு சக்கரங்களும் வண்டியைச் சாயவே விடுவதில்லை. சாயாத வண்டியில் கற்பதற்கு என்ன இருக்கிறது? மிதிகட்டைகளைக் கழற்றி, இரு பாதங்களும் தரையில் படும்படி ஆசனத்தைத் தாழ்த்தி, பிரேக் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, இலேசான சரிவில் குழந்தையை உருளவிடுவதே நாம் சிபாரிசு செய்யும் முறை. சில நாளில் கால்கள் தாமாகவே மேலே எழும். வண்டி பத்துப் பதினைந்து கெஜம் ஓடும். மிதிகட்டைகளை அதன் பிறகு மாட்டினால் போதும்.