ஆரம்பப் பாடசாலையில் விஞ்ஞானக் கல்வி: சில சிந்தனைகள்

விஞ்ஞானம் என்றதும் ஆய்வுகூடமும் கண்ணாடிக் குழாய்களும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. இவை இல்லாத கிராமப்புற ஆரம்பப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தல் இயலாது என்ற எண்ணமும் உடன் எழுகின்றது. இதனால், ஆசிரியர் வரைவிலக்கணங்களைக் கரும்பலகையில் எழுதுவதும் பிள்ளைகள் அவற்றைக் கொப்பியிற் பிரதிசெய்து மனனஞ் செய்வதுமே பல இடங்களில் விஞ்ஞானக் கல்வியாகிவிடுகின்றன. விஞ்ஞானம் தகவல்களின் தொகுதியா, அன்றி உலகை விசாரித்தறியும் ஒரு முறையா? இவ்வினாவுக்கு நாம் அளிக்கும் விடையிலேயே ஆரம்ப வகுப்புகளின் விஞ்ஞானக் கல்வி தங்கியுள்ளது.

பிள்ளை வெற்று மனத்துடன் வகுப்பறைக்கு வருவதில்லை. சுவிற்சர்லாந்து நாட்டு உளவியலாளரான ஜீன் பியாஜே, சிறுவரின் உலகநோக்குப் பற்றி 1926ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், தாம் நடக்கும்போது சூரியனும் சந்திரனும் தம்மைப் பின்தொடர்வதாகச் சிறு பிள்ளைகள் கருதுவதை எடுத்துக்காட்டினார். இத்தகைய கருத்துகள் வெறும் அறியாமையல்ல. கண்டவற்றைக்கொண்டு பிள்ளைகள் தாமே அமைத்துக்கொண்ட விளக்கங்கள். ஆசிரியர் கூறும் ஒரு வாக்கியத்தால் அவை அகன்றுவிடுவதில்லை. பரீட்சைக்கு ஒரு விடையும் வாழ்க்கைக்கு வேறொரு விடையுமாக இரண்டும் அருகருகே நிலைத்துவிடுகின்றன.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். நண்பகலிற் சூரியன் எப்பொழுதும் நேர் உச்சியில் நிற்கும் என்பது சிறுவர் மட்டுமன்றிப் பெரியோர் பலரும் கொண்டுள்ள நம்பிக்கை. யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றின் முற்றத்தில் ஒரு மீற்றர் உயரமான கோலொன்றை நிலைக்குத்தாக நாட்டுவோம். முற்பகல் 11.45 மணி முதல் ஒரு மணித்தியாலம் வரை, நிழலின் நுனியைப் பிள்ளைகள் சிறு கற்களால் அடையாளமிடட்டும். மிகக் குறுகிய நிழலே நண்பகல் நிழலாகும். தைப்பொங்கலையடுத்த நாட்களில் அது வடக்கு நோக்கி ஏறத்தாழ 60 சதமமீற்றர் நீண்டிருக்கும். ஏப்பிரல் நடுப்பகுதியிற் கோலின் அடியிலேயே ஒடுங்கிவிடும். அது புத்தாண்டு விடுமுறைக் காலமாதலின் பிள்ளைகள் தத்தம் வீட்டு முற்றத்திலே இதனைக் கண்டறியலாம். யூன் 21ஆம் திகதியளவில் நிழல் தெற்கு நோக்கித் திரும்பி ஏறத்தாழ 24 சதமமீற்றர் நீண்டிருக்கும். ஓகஸ்ட் இறுதியில் அது மீண்டும் ஒருமுறை ஒடுங்கி, பின்னர் வடக்கே சாயத் தொடங்கும்.

ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன்னர், நிழல் எத்திசையில் எவ்வளவு விழும் என்று பிள்ளைகளிடம் வினவுதல் வேண்டும். தாம் எதிர்பார்த்ததும் கண்டதும் முரண்படும்போதே சிந்தனை பிறக்கின்றது. கோல் சாய்ந்துவிட்டதா, அளவை தவறா, அன்றி நம் எண்ணமே தவறா என்ற விவாதம் எழுகின்றது. பூமியின் அச்சு ஏறத்தாழ 23.5 பாகை சாய்ந்திருத்தலே இதற்குக் காரணம் என்பதை அன்றே கூறவேண்டியதில்லை. மேல்வகுப்பில் அவ்விளக்கம் வரும்போது, அது எதனை விளக்குகின்றது என்பதைப் பிள்ளை தன் கைப்பட எழுதிய அளவைகளிற் காணும். விடையைப் பிற்போடும் பொறுமையும், தெரியாததைத் தெரியாதென்று கூறி மாணவருடன் சேர்ந்து தேடும் துணிவும் ஆசிரியருக்கு வேண்டப்படுவன.

தாய்மொழிவழிக் கல்வியையும் இங்கு நாம் கருதுதல் தகும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860களிலேயே மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். 1950களில் அரசகரும மொழித் திணைக்களம் விஞ்ஞானக் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. இவை பெரும் பணிகளே. ஆயினும் ஈரத்துணி உலர்வதைக் கவனித்து அதுபற்றி உரையாடுமுன் 'ஆவியாதல்' என்ற சொல்லைத் திணித்தால், தமிழ்ச் சொல்லும் பிள்ளைக்கு அந்நியச் சொல்லே. அனுபவம் முதலிலும் பிள்ளையின் சொந்தப் பேச்சு அடுத்தும் கலைச்சொல் ஈற்றிலும் அமைதலே முறையாகும்.

இலங்கையில் 1999ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்ற பாடத்தின் வாயிலாக இத்திசையில் அடியெடுத்து வைத்தது. எனினும் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நெருக்குதல் செயற்பாட்டைப் பின்தள்ளிப் பயிற்சி வினாத்தாள்களை முன்னிறுத்தியது. சிறந்த பாடசாலைகள் சிலவாகவும் அவற்றில் இடந்தேடுவோர் பலராகவும் இருக்கும்வரை பெற்றோரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. வளங்களின் சமனற்ற பங்கீடே இந்நெருக்குதலின் அடிப்படை.

ஒரு கோலும் சில கற்களும் போதுமென நாம் கூறுவது, வறிய பாடசாலைகளுக்கு வளம் மறுப்பதற்கான நியாயமாகிவிடலாகாது. நூல்களும் கருவிகளும் ஆசிரியர் பயிற்சியும் அவற்றின் உரிமை. ஆனால் அவை வந்துசேரும்வரை சிந்தனையைப் பிற்போட முடியாது. கூறியவர் யார் என்று நோக்காது, அதற்குச் சான்று யாது என்று வினவப் பழகிய பிள்ளை அப்பழக்கத்தைப் பாடசாலை வாயிலில் விட்டுச் செல்வதில்லை. விதியென்றும் வழமையென்றும் கூறப்படும் ஏற்றத்தாழ்வுகளையும் அது ஒருநாள் அவ்வாறே வினவும். ஆகவே, ஆரம்ப வகுப்பில் விஞ்ஞானத்தை எவ்வாறு கற்பிப்பது என்பது கற்பித்தல் முறை பற்றிய வினா மட்டுமன்று; எத்தகைய சமுதாயத்தை நாம் வேண்டுகின்றோம் என்ற வினாவுமாகும்.